சீட் கொடுப்பது யார்? அமெரிக்கக் கட்சிகளைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி

2014 ஜூன் 10ஆம் தேதி இரவு, வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் எரிக் கேன்டர் தன் ஆதரவாளர்கள் முன் வந்து தோல்வியை ஒப்புக்கொண்டார். அவர் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் இரண்டாம் இடத்தில் இருந்தவர். அடுத்த சபாநாயகர் அவர்தான் என்று தலைநகரில் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அவரைத் தோற்கடித்தவர் அதே கட்சியைச் சேர்ந்த டேவ் பிராட். ஊருக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாத, கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்த பேராசிரியர். கேன்டர் தரப்பு இறைச்சி உணவகங்களில் செலவழித்த தொகையே பிராட்டின் மொத்தத் தேர்தல் செலவை நெருங்கியது என்று அப்போது பத்திரிகைகள் கணக்குப் போட்டுக் காட்டின.

ஒரு கட்சியின் இரண்டாம் இடத் தலைவருக்கு அதே கட்சியில் அடுத்த தேர்தலுக்கு சீட் இல்லாமல் போயிற்று. இல்லை என்று சொன்னது கட்சித் தலைமை அல்ல; தலைமை முழுக்க அவர் பக்கம்தான் இருந்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்தத் தொகுதியில், அன்று வாக்குச்சாவடிக்கு வந்த சுமார் 65,000 பேர் சொன்னார்கள். வர்ஜீனியாவில் வாக்காளர் பட்டியலில் கட்சிப் பெயரே கிடையாது என்பதால், அந்த 65,000 பேரில் யார் குடியரசுக் கட்சிக்காரர், யார் இல்லை என்று கேட்கக்கூட வழியில்லை.

அமெரிக்க அரசியலைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு முதலில் இடறும் கல் இதுதான். நாம் கட்சி என்றதும் ஒரு தலைவரை, ஒரு தலைமை அலுவலகத்தை, உறுப்பினர் அட்டையை, பொதுக்குழுவைத் தேடுகிறோம். அங்கே அவற்றைத் தேடினால் ஏமாற்றம்தான். சந்தா கட்டி உறுப்பினராகும் வழக்கம் இல்லை. ஏறக்குறைய முப்பது மாநிலங்களில், வாக்காளராகப் பதிவு செய்யும் படிவத்திலேயே எந்தக் கட்சி என்று ஒரு கட்டத்தில் குறிக்கலாம். அந்தப் படிவம் போவதும் அரசு அலுவலகத்துக்குத்தான், கட்சிக்கு அல்ல. மனம் மாறினால் வேறு கட்டத்தில் குறித்து மாற்றிக்கொள்ளலாம். கட்சி உறுப்பினர் என்பதற்கு அங்கே பெரும்பாலும் இவ்வளவுதான் பொருள். தேசியக் குழு என்று ஒன்று உண்டு, அதற்குத் தலைவரும் உண்டு. அவர் நிதி திரட்டுவார், மாநாட்டுக்கு ஏற்பாடு செய்வார். யாருக்கும் சீட் கொடுக்கவோ மறுக்கவோ அவரால் முடியாது.

அதனால் கொள்கை, சின்னம், கொடி என்று போகாமல், வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு இந்த வரலாற்றைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். குடியரசுக் கட்சியின் யானைச் சின்னமும் ஜனநாயகக் கட்சியின் கழுதைச் சின்னமும் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எதையும் விளக்காது.

1787இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அரசியலமைப்பில் கட்சி என்ற சொல்லே இல்லை. மறந்துபோய் விட்டதல்ல, எழுதியவர்களுக்குக் கட்சி என்றாலே கசப்பு. நாட்டைத் துண்டாடும் கோஷ்டி என்றே அதை நினைத்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1796இல் எழுதிய விடைபெறும் உரையில் கட்சி மனப்பான்மை பற்றிக் கடுமையாக எச்சரித்தார். தாமஸ் ஜெஃபர்சன் 1789இல் ஒரு கடிதத்தில், ஒரு கட்சியோடு சேர்ந்துதான் சொர்க்கத்துக்குப் போக முடியும் என்றால் அங்கே போகவே மாட்டேன் என்று எழுதினார். அதே ஜெஃபர்சன் பத்தே ஆண்டுகளுக்குள் ஒரு கட்சிக்குத் தலைவராகிவிட்டார் என்பது வேறு கதை.

அது எப்படி நடந்தது? வாஷிங்டன் அமைச்சரவையிலேயே இரண்டு பேருக்கு ஒத்துவரவில்லை. நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன், தேசிய வங்கி வேண்டும், மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசு ஏற்க வேண்டும், அரசு வலுவாக இருக்க வேண்டும் என்றார். வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனுக்கு அது பணக்காரர்களின் ஆட்சிக்குப் போடும் அடித்தளமாகத் தெரிந்தது. ஹாமில்டனை ஆதரிக்க ஒரு பத்திரிகை இருந்தது. பதிலுக்கு ஒன்று வேண்டுமே! ஃபிலிப் ஃப்ரெனோ என்ற கவிஞருக்கு வெளியுறவுத் துறையில் மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்தார் ஜெஃபர்சன். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே ஃப்ரெனோ தன் பத்திரிகையில் அரசைத் தாக்கி எழுதினார். ஹாமில்டன் பக்கம் ஃபெடரலிஸ்ட் கட்சி ஆயிற்று. ஜெஃபர்சனும் ஜேம்ஸ் மேடிசனும் இருந்த பக்கம் ஜனநாயகக் குடியரசுக் கட்சி ஆயிற்று.

கட்சியே இல்லை என்று நினைத்து எழுதிய விதிகள் 1800 தேர்தலில் திக்குமுக்காடின. அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்தின் சார்பிலும் ஓட்டுப் போடுபவர்கள் தேர்வாளர்கள். அன்றைய விதிப்படி தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். ஜெஃபர்சனை அதிபராகவும் ஏரன் பர்ரைத் துணை அதிபராகவும் ஆக்க நினைத்த கட்சிக்காரர்கள் ஒருவர்கூட மாறாமல் இருவருக்கும் ஓட்டுப் போட்டார்கள். ஆளுக்கு 73. சமநிலை! முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கே 36 முறை வாக்கெடுப்பு நடந்த பிறகுதான் ஜெஃபர்சன் அதிபரானார். கட்சிக் கட்டுப்பாடு அளவுக்கு மீறி வேலை செய்ததால் வந்த குழப்பம் இது. 1804இல் பன்னிரண்டாவது திருத்தம் வந்து இரண்டு பதவிகளுக்கும் தனித்தனி ஓட்டு என்றானது. கட்சி என்ற சொல்லை எழுதாமலேயே கட்சிக்கு இடம் விட்டுக் கொடுத்த முதல் திருத்தம் என்று அதைச் சொல்லலாம்.

சரி, அப்போது வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது யார்? கட்சியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓர் அறையில் கூடிப் பெயரை முடிவு செய்தார்கள். 1824இல் அந்த ஏற்பாடு குலைந்தது. அறையில் கூடியவர்கள் வில்லியம் கிராஃபர்டைத் தேர்ந்தெடுத்தார்கள்; ஆனால் கட்சி உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்துக்கே வரவில்லை. நான்கு பேர் களத்தில் நின்றார்கள். ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் ஓட்டு, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மீண்டும் பிரதிநிதிகள் சபை. நான்காவதாக வந்த ஹென்றி கிளே தன் செல்வாக்கை ஆடம்ஸுக்குத் தந்தார். ஆடம்ஸ் அதிபரானார், கிளே வெளியுறவு அமைச்சரானார். ஊழல் பேரம் என்று ஜாக்சன் ஆட்கள் நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த நான்கு ஆண்டுகளில்தான் நியூயார்க்கின் மார்ட்டின் வான் ப்யூரன் போன்றவர்கள் இன்று நாம் அறியும் கட்சியைக் கட்டினார்கள்: உள்ளூர்க் குழு, பத்திரிகை, பேரணி, தேர்தல் நாளில் ஆட்களை அழைத்துவரும் தொண்டர்கள். 1828இல் ஜாக்சன் வென்றார். இன்றைய ஜனநாயகக் கட்சி பிறந்தது அந்தக் காலத்தில்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1830களின் தொடக்கத்தில் பால்டிமோரில் தேசிய மாநாடுகள் நடந்தன. சீட் கொடுக்கும் அதிகாரம் நாடாளுமன்ற அறையிலிருந்து மாநாட்டு மண்டபத்துக்கு நகர்ந்தது.

மாநாட்டுக்கு வந்தவர்கள் யார் என்று கேட்டால், உள்ளூர்க் கட்சிப் புள்ளிகள். அவர்களை ஒட்டவைத்த பசை வேலைவாய்ப்பு. வென்ற கட்சி தபால் நிலையம் முதல் சுங்கச் சாவடி வரை பதவிகளைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டது. பதவி பெற்றவர் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்சிக்குத் திருப்பித் தர வேண்டும். 1881இல், தனக்குத் தூதரகப் பதவி கிடைக்கவில்லை என்று ஆத்திரப்பட்ட சார்லஸ் கிட்டோ என்பவர் அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்ட பிறகுதான், 1883இல் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போகும் முறைக்குச் சட்டம் வந்தது.

அந்தக் காலத்து வாக்குச்சீட்டைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதை அரசு அச்சடிக்கவில்லை, கட்சி அச்சடித்தது. அதிபர் முதல் உள்ளூர் அதிகாரி வரை அந்தக் கட்சி வேட்பாளர்களின் பெயர் மட்டும் வரிசையாக இருக்கும் ஒரு நீண்ட தாள். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறம், ஓர் அளவு. வாக்குச்சாவடிக்கு வெளியே தொண்டர் ஒருவர் அதைக் கையில் திணிப்பார்; வாக்காளர் உள்ளே போய்ப் பெட்டியில் போடுவார். எந்த நிறத் தாள் பெட்டியில் விழுகிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். ரகசியம் என்பதே இல்லை. ஒரு பெயர் மட்டும் பிடிக்கவில்லையா? பின்பக்கம் கோந்து தடவிய சிறு காகிதத் துண்டுகளை அதிருப்தியாளர்கள் விநியோகிப்பார்கள். அதில் வேறு ஒருவரின் பெயர் இருக்கும். நாக்கில் தொட்டு ஈரமாக்கி, பிடிக்காத பெயரின் மேல் ஒட்டிவிட வேண்டியதுதான். அந்தத் தாளின் பெயர் டிக்கெட். ஒரு கட்சியின் வேட்பாளர் வரிசையை அமெரிக்கர்கள் இன்றும் டிக்கெட் என்று சொல்வது அதனால்தான்.

1888 முதல் ஒவ்வொரு மாநிலமாக, ஆஸ்திரேலியாவைப் பார்த்து, அரசே வாக்குச்சீட்டை அச்சடிக்கத் தொடங்கியது. நல்ல சீர்திருத்தம். ஆனால் இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன, எனக்கோ இதுதான் மையமாகப் படுகிறது. அரசு அச்சடிக்கும் சீட்டில் எந்தெந்தக் கட்சியின் பெயர் வர வேண்டும், அந்தக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை அரசு எப்படித் தெரிந்துகொள்ளும்? சட்டம் போட்டாக வேண்டும். சட்டம் போட்டதும், கட்சி என்ற தனியார் சங்கம் மெல்ல மெல்லப் பொதுச் சொத்துபோல ஆகத் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சின் போன்ற மாநிலங்கள் அடுத்த படிக்குப் போயின: வேட்பாளரைக் கட்சிப் புள்ளிகள் முடிவு செய்யக் கூடாது, வாக்காளர்களே ஒரு முன்தேர்தலில் முடிவு செய்யட்டும். பிரைமரி என்று எல்லோரும் சொல்லும் முறை இதுதான். அரசே நடத்தும், பெரும்பாலும் அரசே செலவழிக்கும் உட்கட்சித் தேர்தல்.

தெற்கு மாநிலங்களில் இது விபரீதமாகத் திரும்பியது. அங்கே ஜனநாயகக் கட்சி மட்டுமே வெல்லும். ஆகவே அதன் பிரைமரியில் வென்றவர்தான் உறுப்பினர். டெக்சாஸில் அந்தக் கட்சி, எங்கள் சங்கத்தில் வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்றது. தனியார் சங்கம் யாரைச் சேர்த்தால் அரசுக்கு என்ன? 1935இல் உச்ச நீதிமன்றமே இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. ஹூஸ்டன் நகரப் பல் மருத்துவரான லோனி ஸ்மித் என்ற கறுப்பினத்தவர் மீண்டும் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல், பின்னாளில் அதே நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1944 ஏப்ரலில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: மாநிலச் சட்டப்படி நடக்கும் பிரைமரியில், தனியார் சங்கம் என்று சொல்லிக்கொண்டு நிறம் பார்த்து யாரையும் வெளியே நிறுத்த முடியாது.

இந்த இடத்தில் புதிதாகப் படிப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி குடியரசுக் கட்சிதானே, பிறகு எப்படிக் கறுப்பின மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள்? குடியரசுக் கட்சி 1854இல், புதிய பிரதேசங்களுக்கு அடிமை முறை பரவுவதை எதிர்த்துப் பிறந்தது. அதற்கு முன் ஜனநாயகக் கட்சிக்கு எதிராக நின்ற விக் கட்சி அதே பிரச்சினையில் சிதறிப்போனது. ஆறே ஆண்டுகளில், 1860இல், ஆபிரகாம் லிங்கன் நாற்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாக்குகளோடு அதிபரானார். தெற்கு வெள்ளையர்கள் அதன்பின் நூறு ஆண்டுகள் ஜனநாயகக் கட்சியை விடவில்லை. ஓட்டுரிமை இருந்த கறுப்பின மக்கள் லிங்கனின் கட்சியை விடவில்லை.

மாற்றம் இரண்டு தவணையாக வந்தது. பெருமந்தக் காலத்தில் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த நிவாரணத் திட்டங்களால் 1936இல் கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிப் பக்கம் வந்தார்கள். அதே கட்சிக்குள் தெற்கின் நிறவெறியர்களும் இருந்தார்கள். ஒரே வீட்டில் கீரியும் பாம்பும். 1964இல் ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சன் குடிமை உரிமைச் சட்டத்தை நிறைவேற்றினார். செனட்டில் அவருடைய கட்சியினர் 46 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. குடியரசுக் கட்சியில் 27 பேர் ஆதரவு, 6 பேர் மட்டுமே எதிர்ப்பு. ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவர் பேரி கோல்ட்வாட்டர், அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர். அவர் வென்றது ஆறே மாநிலங்கள்: சொந்த மாநிலமான அரிசோனா, மீதி ஐந்தும் ஆழ்தெற்கு. தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் அந்த ஆண்டே ஜனநாயகக் கட்சியை விட்டுக் குடியரசுக் கட்சிக்குப் போனார். மற்றவர்கள் அவசரப்படவில்லை. 1994இல்தான் தெற்கின் பிரதிநிதிகள் சபை இடங்களில் பெரும்பான்மை குடியரசுக் கட்சிக்கு வந்தது. முப்பது ஆண்டு! ஆகவே கட்சி திடீரெனக் கொள்கை மாறிவிட்டது என்று சொல்வதைவிட, பெயர்ப்பலகை அப்படியே இருக்க வீட்டுக்குள் குடியிருப்பவர்கள் மாறிப்போனார்கள் என்று புரிந்துகொள்வது சரி.

பிரைமரி இருந்தும், அதிபர் வேட்பாளர் விஷயத்தில் மட்டும் மாநாட்டுப் பெரியவர்களின் கை நெடுநாள் ஓங்கியிருந்தது. 1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமலேயே ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். சிகாகோ மாநாட்டு மண்டபத்துக்குள் கூச்சல். வெளியே வியட்நாம் போருக்கு எதிராகத் திரண்டவர்களைப் போலீஸ் தடியால் அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஹம்ஃப்ரி தோற்ற பிறகு விதிகள் மாற்றப்பட்டன. 1972 முதல் மாநாட்டுப் பிரதிநிதிகள் பெரும்பாலும் பிரைமரி முடிவுகளின்படியே வருகிறார்கள். மாநாடு முடிவெடுக்கும் இடமாக இருந்தது போய், முடிவைக் கொண்டாடும் இடமாகிவிட்டது.

ஏன் இரண்டே கட்சிகள்? அதிக ஓட்டு வாங்கியவருக்கே தொகுதி என்பதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதே முறை இந்தியாவிலும் இருக்கிறது, இங்கே கட்சிகளுக்குப் பஞ்சமில்லையே என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். அமெரிக்காவில் கூடுதலாக இருப்பது அதிபர் பதவி. 538 தேர்வாளர் ஓட்டில் 270 வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலிடம் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் அத்தனை ஓட்டும். பத்து எம்.பி.க்களை வைத்துக்கொண்டு ஆட்சியில் பங்கு பேரம் பேச வழியில்லை, ஏனென்றால் அதிபர் நாடாளுமன்றப் பெரும்பான்மையைச் சார்ந்து இருப்பவர் அல்ல. 1992இல் தொழிலதிபர் ராஸ் பெரோ சுயேச்சையாக நின்று ஏறத்தாழ 2 கோடி ஓட்டு, அதாவது சுமார் 19 சதவீதம், வாங்கினார். தேர்வாளர் ஓட்டு? பூஜ்ஜியம். இதைப் பார்த்த பிறகு எந்த அதிருப்தியாளர் தனிக்கட்சி தொடங்குவார்? இருக்கும் கட்சியின் பிரைமரியில் நுழைவது எளிது. செனட்டில் சுயேச்சையாக இருக்கும் பெர்னி சாண்டர்ஸ் 2016இலும் 2020இலும் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்காக அதன் பிரைமரிகளில் போட்டியிட்டார். டொனால்ட் டிரம்ப் முன்பு சில ஆண்டுகள் ஜனநாயகக் கட்சிக்காரராகப் பதிவு செய்திருந்தவர். 2016இல் குடியரசுக் கட்சித் தலைவர்கள் பலர் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போதே அதன் வேட்பாளரானார்.

வாசல் திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் வருவார்கள். 2018இல் இல்லினாய் மாநிலத்தின் ஒரு தொகுதியில் வெளிப்படையான நாஜி ஆதரவாளரான ஆர்தர் ஜோன்ஸ், வேறு யாரும் போட்டியிடாததால் குடியரசுக் கட்சி வேட்பாளராகிவிட்டார். கட்சி அவரைக் கண்டித்தது, கைகழுவியது. வாக்குச்சீட்டிலிருந்து அவர் பெயரை எடுக்க மட்டும் முடியவில்லை.

இவ்வளவு தளர்ந்த அமைப்பால் ஆட்சியில் என்ன பயன் என்று தோன்றலாம். நாடாளுமன்றத்துக்குள் போனால் அதன் கனம் தெரியும். எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ அந்தக் கட்சிக்கே எல்லாக் குழுக்களின் தலைமையும். எந்த மசோதா விவாதத்துக்கு வரும், எது அலமாரியில் தூங்கும் என்பது அவர்கள் கையில். 2001இல் செனட்டில் ஐம்பதுக்கு ஐம்பது. துணை அதிபரின் ஓட்டால் குடியரசுக் கட்சிக்கு ஆதிக்கம். மே மாதம் வெர்மாண்ட் செனட்டர் ஜிம் ஜெஃபர்ட்ஸ் அந்தக் கட்சியிலிருந்து விலகி, சுயேச்சையாக ஜனநாயகக் கட்சியினர் பக்கம் உட்கார்வேன் என்றார். தேர்தல் ஏதும் நடக்கவில்லை. ஆனால் சில நாட்களில் செனட்டின் அத்தனை குழுத் தலைவர்களும் மாறினார்கள். ஜெஃபர்ட்ஸின் பதவிக்கு எந்த ஆபத்தும் வரவில்லை, ஏனென்றால் அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லை. கொறடா உண்டு, கெஞ்சலாம், கணக்குப் பார்க்கலாம், குழுவில் நல்ல இடம் தருகிறேன் என்று ஆசை காட்டலாம். பதவியைப் பறிக்க முடியாது.

அப்படியிருந்தும் இன்று இரு கட்சி உறுப்பினர்களும் பெரும்பாலான வாக்கெடுப்புகளில் கட்சிக்கோட்டை மீறுவதில்லை. அவர்கள் பயப்படுவது கொறடாவுக்கு அல்ல, அடுத்த பிரைமரிக்கு. பிரைமரிக்கு வருவோர் குறைவு, வருவோரில் தீவிரமானவர்கள் அதிகம். எதிர்க்கட்சியோடு கைகுலுக்கினால் ஒரு டேவ் பிராட் எங்கிருந்தாவது முளைப்பார். தலைமைக்குக் கட்டுப்படத் தேவையில்லாத ஒரு கட்சி, தன் தீவிர ஆதரவாளர்களுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. இது முன்னேற்றமா என்று எனக்குச் சந்தேகம்தான். சுருட்டுப் புகை சூழ்ந்த அறையில் உட்கார்ந்து பேரம் பேசிய பழைய புள்ளிகள் நல்லவர்கள் அல்ல. ஆனால் பொதுத்தேர்தலில் வெல்லக்கூடியவர் யார் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

பழைய முறை ஒரு சில நாட்களுக்குத் திரும்பி வந்ததையும் அண்மையில் பார்த்தோம். 2024 ஜூலை 21 அன்று, பிரைமரிகள் எல்லாம் முடிந்த பிறகு, ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகினார். அவருக்காகத் தேர்வாகியிருந்த ஏறத்தாழ 3,900 மாநாட்டுப் பிரதிநிதிகள் திடீரென யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம் என்ற நிலை. ஒன்றரை நாளுக்குள் அவர்களில் பெரும்பாலோர் கமலா ஹாரிஸின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். மன்னார்குடி அருகே அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பதாகை வைத்து, கோயிலில் பூஜை போட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிரதிநிதிகள் இணையவழியில் முறைப்படி வாக்களித்து முடித்தார்கள். ஹம்ஃப்ரிக்குப் பிறகு, அந்த ஆண்டின் பிரைமரிகளில் போட்டியிடாமலேயே பெரிய கட்சி ஒன்றின் அதிபர் வேட்பாளரானவர் அவர்தான். நவம்பரில் தோற்ற பிறகு, ஹம்ஃப்ரி தோற்றபோது எழுந்த அதே குரல் கட்சிக்குள் எழுந்தது: எங்களைக் கேட்காமல் யார் சீட் கொடுத்தது?